கொத்து அரிசியும் கொள்கை வட்டமும்

பொதுக்கொள்கைப் பகுப்பாய்வு படித்த ஆக்களுக்கு அந்த வட்டம் தெரிந்திருக்கும். பிரச்சினையை இனங்காணல், நிகழ்ச்சிநிரலில் சேர்த்தல், மாற்றுவழிகளை வகுத்தல், தீர்மானித்தல், அமுலாக்கல், மதிப்பிடல். பிறகு அம்புக்குறி திரும்பவும் முதலாவது பெட்டிக்கே வந்து சேரும். பரீட்சைக்கு முதல் நாள் இந்த ஆறு பெட்டியையும் பாடமாக்காத அரசறிவியல் மாணவர் எங்கட நாட்டில் இருக்க வாய்ப்பில்லை.

வட்டம் பிழை என்று சொல்ல வரவில்லை. 1951இல் ஹரல்ட் லாஸ்வெல் என்ற அமெரிக்கர் 'கொள்கை விஞ்ஞானம்' என்று ஒன்றைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, அரசாங்கம் எடுக்கிற முடிவுகளையும் ஒழுங்காக ஆராயலாம் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. 1959இல் சார்ள்ஸ் லிண்ட்புளொம் அதற்கு மறுபக்கம் சொன்னார். அரசாங்கங்கள் எல்லாவற்றையும் யோசித்து முடிவெடுப்பதில்லை, இருக்கிறதில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஒரு மாதிரிச் சமாளித்துக்கொண்டு போகின்றன என்பது அவருடைய வாதம். இரண்டையும் படிக்கிறோம். ஆனால் உதாரணம் வரும்போது கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்து வேலைவாய்ப்புத் திட்டம்தான் வருகிறது. ஓக்லண்டில் என்ன நடந்தால் எங்களுக்கென்ன என்று கேட்கிற உரிமை மாணவருக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

எங்களுக்குப் பக்கத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. கூப்பன் அரிசி. 1942இல் தொடங்கி 1979 வரை, 37 வருடம் ஓடிய ஒரு கொள்கை. ஒரு பிரதமரின் பதவி இதில் போனது, ஒரு நிதியமைச்சரின் பதவியும் போனது. தெருவில் உயிர்கள் போயின. கொள்கை எப்படிப் பிறக்கிறது, ஏன் சாக மறுக்கிறது, கடைசியில் எப்படிச் சாகடிக்கப்படுகிறது என்று படிக்க இதைவிடப் பொருத்தமான கதை இலங்கையில் குறைவு.

முதலில் பிறப்பு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளியில் இருந்துதான் வந்தது, அதிலும் பர்மாவில் இருந்து. தேயிலையும் இறப்பரும் விற்று அரிசி வாங்குவதே காலனித்துவப் பொருளாதாரத்தின் கணக்கு. 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் கணக்கு ஒரே அடியில் உடைந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அந்த வருடமே அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. ஆளுக்கொரு புத்தகம், கிழமைக்கு இத்தனை கொத்து, அரசாங்கம் குறித்த விலை. கொத்து என்றால் கிட்டத்தட்ட இரண்டு இறாத்தல். இதைப் பங்கிட்டுக் கொடுக்க ஊர் ஊராகக் கூட்டுறவுக் கடைகள் முளைத்தன, சில வருடத்துக்குள் ஆயிரக்கணக்கில். யாழ்ப்பாணத்தில் இன்றும் சங்கக்கடை என்று சொல்லுகிற கடைகளில் கனக்கவற்றின் வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

இது ஒரு நெருக்கடிகால ஏற்பாடு. அரிசி இல்லை, இருக்கிறதைச் சமமாகப் பங்கிடுவோம் என்பதுதான் நோக்கம். ஏழைகளுக்கு உதவி என்ற எண்ணத்தில் தொடங்கியதல்ல. கொழும்பு கறுவாத்தோட்டத்து வீட்டுக்கும் கூப்பன், மன்னாரில் மீன்பிடிக்கிற குடும்பத்துக்கும் கூப்பன். 1945இல் போர் முடிந்தது. வட்டத்தின்படி பார்த்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டது, கொள்கையும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஏன் என்பதற்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. 1931இலிருந்து இந்த நாட்டில் சர்வசன வாக்குரிமை இருந்தது. மலிவு விலையில் அரிசி வாங்கிப் பழகின வீடுகள் எல்லாவற்றிலும் வாக்கு இருந்தது. போருக்குப் பிறகும் உலகச் சந்தையில் அரிசி விலை இறங்கவில்லை. வாங்கிய விலைக்கும் மக்களுக்குக் கொடுத்த விலைக்கும் இடையில் இருந்த இடைவெளியை அரசு தாங்கத் தொடங்கியது. பங்கீடு மெல்ல மெல்ல மானியமாக மாறிவிட்டது. இப்படி ஒரு மானியத்தைத் தொடங்குவோம் என்று யாரும் ஒரு நாள் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம். லிண்ட்புளொம் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

இனி 1953. இந்த வருடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

கொரியப் போர் இறப்பர் விலையைத் தூக்கிவிட்டிருந்தது. நாட்டுக்கு நல்ல வருமானம். பிறகு அந்த விலை விழுந்தது, அரிசி விலை ஏறியது. 1952 டிசம்பரில் சீனாவோடு செய்த இறப்பர்-அரிசி ஒப்பந்தம் இந்த நெருக்கடியின் பிள்ளைதான். ஒவ்வொரு வருடமும் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி எடுப்பது என்று ஐந்து வருடத்துக்கு. அமெரிக்காவுக்குப் பிடிக்காத ஒப்பந்தம், அதற்குள்ளும் அரிசிதான். ஆனால் அது மட்டும் திறைசேரியின் ஓட்டையை அடைக்கப் போதவில்லை.

1953 யூலையில் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம், ஜே.ஆர். ஜயவர்த்தன நிதியமைச்சராக இருந்தபோது, கொத்து அரிசியின் விலையை 25 சதத்தில் இருந்து 70 சதமாக ஏற்றியது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஒரே நாளில். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. ரயில் கட்டணம், தபால் கட்டணமும் ஏறின. கணக்கெழுதுகிறவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் இதற்குக் காரணம் இருக்கிறது. அரச செலவில் பெரிய துண்டு ஒன்றை உணவு மானியம் விழுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வெட்டு எல்லா வீட்டுக்கும், ஒரே நேரத்தில், அடுப்பில் விழுந்தது. முந்தின வருடம்தான், 1952 தேர்தலில், பெரிய வெற்றி பெற்று வந்த அரசாங்கம் அது.

இடதுசாரிக் கட்சிகள் ஓகஸ்ட் 12ஆம் திகதிக்கு ஹர்த்தால் அறிவித்தன. கடை, வேலைத்தலம், போக்குவரத்து எல்லாம் நின்றன. தெற்கிலும் மேற்கிலும் கரையோர ஊர்களில் ரயில் தண்டவாளங்கள் கிளப்பப்பட்டன, பாதைகள் மறிக்கப்பட்டன. பொலிஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். அவசரகாலச் சட்டமும் ஊரடங்கும் வந்தன. அமைச்சரவை தரையில் கூடப் பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. சுதந்திரம் கிடைத்து ஐந்து வருடத்தில், அரிசி விலையைப் பற்றிக் கதைக்க ஒரு அமைச்சரவை பழைய எசமானின் கப்பலில் ஏறியிருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்து வட்டத்திலும் இதற்கு ஒரு பெட்டி கிடையாது.

ஒக்ரோபரில் டட்லி பதவி விலகினார், உடல்நிலை காரணம் என்று. சேர் ஜோன் கொத்தலாவல வந்தார், அரிசி விலை கொஞ்சம் இறங்கியது. பிறகு வந்த அரசாங்கங்கள் இன்னும் இறக்கி, 1960இல் அது திரும்ப 25 சதத்துக்கே வந்து நின்றது. அந்த ஏழு வருடமும் எதற்கு என்று கேட்கலாம்.

தமிழ் அரசியலை இந்த நாளுக்குள் வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. 1953 என்றால் எங்கட ஆக்கள் 1956க்கு முந்தின ஒரு வெற்று இடம் மாதிரித்தான் பார்ப்பார்கள். ஆனால் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அமைச்சரவையில் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சர். அரிசி விலையை ஏற்றிய முடிவில் அவருக்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு. அவரிடமிருந்து பிரிந்து போன செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி ஹர்த்தாலுக்கு ஆதரவு கொடுத்தது. காங்கிரசும் தமிழரசும் பிரிந்த கதையை நாங்கள் குடியுரிமைச் சட்டத்தோடும் சமஷ்டியோடும் மட்டும் சேர்த்துப் படிக்கிறோம். அரிசி விலையிலும் இரண்டு கட்சியும் இரண்டு பக்கம் நின்றன.

குடியுரிமைச் சட்டம் என்றதும் மலையகத்துக்கு வரவேண்டும். இந்தக் கதையில் அதிகம் யோசிக்க வைத்த பகுதி எனக்கு இதுதான். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதற்குப் பின் வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டங்களும் தோட்டத் தொழிலாளர்களின் வாக்குரிமையைப் பறித்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது, 1952இல் ஒன்றும் இல்லை. இப்ப மற்றப் பக்கத்தைப் பாருங்கோ. கிராமத்து விவசாயிக்குக் கொஞ்சமாவது வயல் இருக்கும், இல்லாவிட்டால் பலாவும் மரவள்ளியும் நட ஒரு துண்டுக் காணி இருக்கும். லயத்தில் இருக்கிறவருக்கு நெல் விளைய நிலம் இல்லை. சாப்பிடுகிற ஒவ்வொரு பருக்கையும் விலைக்கோ பங்கீட்டுக்கோ வரவேண்டும். நாட்டிலேயே கூப்பன் அரிசியில் அதிகம் தங்கியிருந்த சமூகத்துக்கு, கூப்பன் அரிசியின் விலையைத் தீர்மானிக்கிற பாராளுமன்றத்தில் வாக்கு இல்லை.

கொள்கைப் பகுப்பாய்வில் 'அக்கறையுடைய தரப்பினர்' என்று ஒரு சொல் வரும். ஒரு கொள்கையால் பாதிக்கப்படுகிறவர் யார், அதைப் பாதிக்கக் கூடியவர் யார் என்று அட்டவணை போடச் சொல்லுவார்கள். 1953இன் அட்டவணையைப் போட்டுப் பாருங்கோ. 'அதிகம் பாதிக்கப்படுவர், செல்வாக்கு இல்லை' என்ற கட்டத்துக்குள் பல இலட்சம் பேர் விழுவார்கள். அந்தக் கட்டத்தைத் தற்செயலாக இருக்கிற ஒரு நிலை மாதிரிப் பாடப்புத்தகம் காட்டும். அதைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள், அதற்கு இலக்கமும் ஆண்டும் உண்டு.

ஹர்த்தாலுக்குப் பிறகு ஒரு இருபது வருடம் அரிசியைத் தொடுகிறவரின் கை சுட்டது. 1962 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டில் அரைக் கொத்தைக் குறைக்கப் பார்த்தார். சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்தார்கள். அரைக் கொத்துக் குறையவில்லை, அமைச்சர்தான் போனார். திரும்பப் பதவிக்கு வந்த டட்லி பாடம் படித்திருந்தார். 1966 டிசம்பரில் இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்தார், ஆனால் அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். குறைத்தது எங்கே, கொடுத்தது எங்கே என்று வீட்டில் கணக்குப் பார்க்கிறதுக்குள் வேலை முடிந்துவிட்டது. தெரு எரியவில்லை. ஆனால் 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். சந்திரனில் இருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்று சொன்னதாகப் பெரியாக்கள் இன்னமும் சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள். முந்தின வருடம்தான் மனிதன் சந்திரனில் இறங்கியிருந்தான்.

வென்ற கூட்டணியில் நிதியமைச்சரானவர் என்.எம். பெரேரா. 1953 ஹர்த்தாலை அழைத்த சமசமாஜக் கட்சியின் தலைவர். எந்த விலையேற்றத்துக்கு எதிராகத் தெருவில் நின்றாரோ, அந்த மானியத்தின் கணக்குப் புத்தகம் இப்ப அவருடைய மேசையில். 1973-74இல் உலகம் முழுக்கத் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. பங்கீடு அவருடைய காலத்திலேயே குறைந்தது. பாண் வரிசை, அரிசி கொண்டுபோகத் தடை, மரவள்ளிக்கிழங்கு என்று அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு கதை வரும்.

அந்தக் கதைகள் ஊருக்கு ஊர் வேறு என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? யாழ்ப்பாணத்தில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்திடம் 70களின் முதல் பாதியைப் பற்றிக் கேளுங்கோ. மிளகாயும் வெங்காயமும் வைத்து கல்வீடு கட்டின கதைதான் கூட வரும். அந்நியச் செலாவணி இல்லாததால் அரசாங்கம் இந்தப் பயிர்களின் இறக்குமதியைத் தடுத்தது. குடாநாட்டு விவசாயிக்கு அது பொற்காலம். அதே அரசாங்கம், அதே செலாவணி நெருக்கடி, அதே வருடங்கள். மலையகத்தில் கேட்டால் பசி. 1974இல் நாட்டின் இறப்பு வீதம் ஏறியது, தோட்டப்புறத்தில் மிகக் கூடுதலாக ஏறியது. ஹற்றன், கண்டித் தெருக்களில் தோட்டத்து ஆக்கள் கையேந்தி நின்றதும், குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கி வந்ததும் இந்தக் காலத்தில்தான். இறக்குமதித் தடை நல்ல கொள்கையா கெட்ட கொள்கையா என்று பரீட்சையில் கேட்டால் 'தமிழர் நோக்கில்' என்று ஒரு விடை எழுதேலாது. எந்தத் தமிழர் என்று முதலில் கேட்க வேண்டும். வன்னிக்கு வந்த அந்தக் குடும்பங்களை அங்கே கூலிக்கு வைத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே கேட்கலாம்.

பிறகு 1977. ஐக்கிய தேசியக் கட்சி ஆளுக்குக் கிழமைக்கு எட்டு இறாத்தல் தானியம் என்று வாக்குறுதி கொடுத்து ஆறில் ஐந்து பெரும்பான்மையோடு வந்தது. சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஒரு ஆசனமும் இல்லை. சுதந்திரக் கட்சிக்கு எட்டு. பிரதான எதிர்க்கட்சி தமிழர் விடுதலைக் கூட்டணி. 1953இல் நிதியமைச்சராக இருந்து கை சுட்ட ஜே.ஆர். ஜயவர்த்தன இப்ப நாட்டின் தலைவர்.

இந்தத் தடவை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதுதான் வென்ற முறை. முதற்படி 1978 சனவரியில். மாத வருமானம் 300 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு. நாட்டில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் வெளியே. இரண்டாவது படி 1979 செப்ரெம்பரில். அரிசிப் பங்கீடே இல்லை, அதற்குப் பதில் உணவு முத்திரை. வயதைப் பொறுத்து மாதம் 15, 20, 25 ரூபாய் பெறுமதி. சிறு பிள்ளைகளுக்குக் கூட, பெரியவர்களுக்குக் குறைவு. கடையில் கொடுத்து உணவு வாங்கலாம்.

பார்த்தால் நியாயமான மாற்றம்தான். கறுவாத்தோட்டத்துக்கு எதற்கு இலவச அரிசி என்ற கேள்விக்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கொத்து என்பது அரிசியின் அளவு, முத்திரை என்பது ரூபாயின் அளவு. அரிசி விலை இரண்டு மடங்காக ஏறினாலும் ஒரு கொத்து ஒரு கொத்துத்தான். 15 ரூபாய் அப்படியல்ல. 1980இல் மட்டும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 26 வீதமளவில் ஏறியது. முத்திரையில் அச்சடித்த எண் அப்படியே நின்றது. இரண்டு மூன்று வருடத்தில் முத்திரையின் உண்மைப் பெறுமதி பாதியாகக் கரைந்தது. 1980க்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. 70களின் நடுவில் அரச செலவில் 15 வீதமளவில் இருந்த உணவு மானியம் 1984இல் 3 வீதமளவுக்கு வந்தது. 1978/79இற்கும் 1981/82இற்கும் இடையில் நாட்டின் மிக வறிய ஐந்தில் ஒரு பங்கினர் உண்ட கலோரி அளவு குறைந்தது.

1953இல் 45 சதம் ஏற்றியதற்கு நாடு நின்றது. 1980-82இல் அதைவிடப் பெரிய வெட்டு நடந்தது, ஆனால் எந்தத் திகதியில் நடந்தது என்று யாரும் சொல்லேலாது. வர்த்தமானி இல்லை, வரவுசெலவுப் பேச்சில் ஒரு வரி இல்லை. வெட்டாமல் விட்டதே வெட்டு. ஓகஸ்ட் 12 என்று ஒரு நாள் இல்லாதபோது எந்த நாளில் ஹர்த்தால் வைக்கிறது? வட்டத்தில் 'தீர்மானித்தல்' என்ற பெட்டியைத் தேடிப் பாருங்கோ, அது காலியாக இருக்கும்.

வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் பணவீக்கத்தின் தலையில் போட முடியாது. மத்திய கிழக்குக்கு ஆக்கள் போகத் தொடங்கியிருந்தார்கள், மகாவலியில் வேலை இருந்தது. தொழிற்சங்கங்கள் பலவீனமாகியிருந்தன. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரக்கணக்கான அரச ஊழியர்கள் வேலையே இழந்தார்கள். 1953இல் தெருவில் இறங்கிய சக்தி எதுவும் 1980இல் அதே பலத்தோடு இல்லை. தமிழ்க் கட்சிகளின் கவனம் வேறு இடத்தில் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. முத்திரை வருவதற்கு இரண்டு மாதம் முதல், 1979 யூலையில்தான் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. தொண்டமான் 1978இலிருந்து அமைச்சரவைக்குள். 1953இல் பொன்னம்பலம் இருந்த மாதிரி.

முத்திரைத் திட்டம் தோட்டத்து ஆக்களுக்கு இன்னொரு முடிச்சையும் போட்டது. வருமானம் எவ்வளவு என்று குடும்பமே எழுதிக் கொடுக்க வேண்டும். கிராமத்தில் நெல் விற்ற காசு, கூலிக்குப் போன காசு எந்தப் புத்தகத்திலும் இல்லை, குறைத்து எழுதலாம். தோட்டத்தில் சம்பளம் செக்ரோலில் இருக்கிறது, துரையின் கந்தோரில். ஒரு வீட்டில் மூன்று பேர் கொழுந்து எடுத்தால் மூன்று பேரின் கணக்கும் வெளிப்படை. இலக்கு வைத்த நலத்திட்டங்களில் இரண்டு வகைப் பிழை வரும் என்று படிக்கிறோம்: சேரக்கூடாதவர் சேருவது, சேரவேண்டியவர் விடுபடுவது. எந்தப் பிழை யாருக்கு நடக்கும் என்பது சும்மா நடக்கிறதல்ல, யாருடைய வருமானம் எழுத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இலங்கையின் கூப்பன் அரிசி பிறகு உலகப் பொருளியல் சஞ்சிகைகளுக்குள்ளும் போனது. ஏழை நாடொன்று இவ்வளவு நீண்ட ஆயுளை எப்படி அடைந்தது, அரிசியும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியுமா காரணம் என்று அமர்த்தியா சென் 80களின் தொடக்கத்தில் எழுதினார். பல்லாவும் கிளெவியும் 1986இல் எண்களை வைத்து மறுத்தார்கள், சென் பதில் எழுதினார். அந்தச் சண்டை சுவாரசியமானது, ஆனால் 1974இன் லயம் அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் தேசிய சராசரிக்குள் கரைந்துதான் இருக்கிறது.

1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. வடக்கில் பல இடங்களுக்குச் சமுர்த்தி போர் காரணமாகப் பல வருடம் பிந்தித்தான் வந்தது. அதுவரை எங்களுக்குத் தெரிந்தது நிவாரணம்: குடும்ப அட்டையைக் கொண்டுபோய் வரிசையில் நின்று எடுக்கிற மாவும் அரிசியும் பருப்பும். பொருளாதாரத் தடைக்குள் அந்த அட்டை எவ்வளவு பெறுமதி என்று எங்கட அம்மா அப்பாவுக்குத் தெரியும். குடும்ப அட்டையைக் 'கூப்பன் காட்' என்றே இப்பவும் சொல்லுகிற வீடுகள் உண்டு. கொள்கை செத்து நாற்பது வருடத்துக்கு மேல், சொல் மட்டும் உயிரோடு இருக்கிறது.

2022இல் நாடு வங்குரோத்தானது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் வந்தது, அந்த வருடம் யூலையில் அஸ்வெசும தொடங்கியது. இப்ப யாரும் வருமானத்தை எழுதிக் கொடுத்தால் போதாது. கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டி, அதற்குப் புள்ளி, புள்ளிக்கேற்ற வகுதி. நான்கு வகுதிகள், தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாயில் இருந்து 15,000 ரூபாய் வரை. முதற்பட்டியல் வந்ததும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் போயின. பிரதேச செயலகங்களுக்கு முன்னால் நின்ற வரிசைகளை எங்களில் கனபேர் பார்த்திருப்போம், சிலர் நின்றுமிருப்போம். சுவரும் கூரையும் தன்னுடையதாக இல்லாத லயத்துக் குடும்பத்துக்கு 'வீட்டின் நிலை' என்ற கேள்விக்கு என்ன விடை என்று அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கோ.

தொகை ரூபாயில்தான். 2025 தொடக்கத்தில் மிக வறியவர்களுக்கான 15,000, 17,500 ஆனது. அது அரிசி விலையோடு தானாக ஏறவில்லை, அரசாங்கம் முடிவெடுத்ததால் ஏறியது.

இந்தப் பாடத்துக்கு ஒப்படை எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை. வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் கூப்பனுக்கு எத்தனை கொத்து, என்ன விலை என்று கேளுங்கோ. இரண்டு கொத்து, 25 சதம் என்றால் 1960க்கும் 1966க்கும் இடையில் ஒரு நாளைச் சொல்லுகிறார். ஒரு கொத்து, சும்மா கிடைத்தது என்றால் டட்லியின் காலம். 'புத்தகம் இருந்தது, அரிசிதான் இல்லை' என்றால் 1974. திகதி தெரிந்த பிறகு எந்த ஊரில் இருந்தவர் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கோ.